தள்ள விடாத மனிதர்

நஜீர் பாய் காலமான செய்தி டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு வந்தது. இடது கையில் இரண்டு ஊசிகள், பக்கத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும் இயந்திரம், முடிய இன்னும் பாதி நேரம் பாக்கி. எங்கள் வேன் ஓட்டும் மோகன் செருப்பைக் கழற்றிவிட்டு வார்டுக்குள் வந்து நின்றான். டிரைவர்களை உள்ளே விடமாட்டார்கள். அவன் வந்து நின்ற விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"யம்மா, பாய் பூட்டாரு," என்றான்.

"எந்த பாய்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பாய் அவர் ஒருவர்தான்.

அன்று விடியற்காலை அவர் மோகனுக்குப் போன் செய்து, நெஞ்சில் வாயு பிடித்த மாதிரி இருக்கிறது, இன்றைக்கு நான் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். பஜர் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றான் மோகன். சிஸ்டரைக் கூப்பிட்டு, என்னைக் கழற்றிவிடுங்கள், நான் போக வேண்டும் என்றேன். "பாதியில எழுந்து போனா அடுத்தது உங்களுக்குத்தான் மாலை வாங்கணும், படுங்க," என்றார் சிஸ்டர். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். இடது கையை அசைக்கக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வலது கை இருந்தது.

தண்டையார்பேட்டையில் அவருடைய கடையை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். லாரி, வேன், டெம்போ என்று எதுவானாலும் வயரிங், டைனமோ, செல்ஃப் மோட்டார் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக அவரை உங்களுக்கு என்னைவிட நீண்ட காலம் தெரியும். நான் அறிந்தது அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும்தான். கடையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு, மருதாணிச் சிவப்புத் தாடியும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுமாக, இனிமேல் யார் வண்டிக்குக் கீழும் படுக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நஜீர் பாயை. அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவற்றில் பெரும்பகுதியை அவர் என்னோடு கழித்தார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வசந்தா. துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். திருவொற்றியூரில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி ஆவடியில் இருக்கிறான், அவனுக்கு அவன் குடும்பம். சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து வாரம் மூன்று நாள் ராயபுரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பக்கத்து நோயாளிகள் சிலர் சேர்ந்து மோகனுடைய பழைய டீசல் வேனை வைத்துக்கொண்டோம். ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர்களை ஏற்றிப் போன வண்டி அது. எனக்கு யாருடைய உதவியும் பிடிக்காது. யாராவது கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தால் கையைத் தட்டிவிடுவேன். இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு திங்கட்கிழமை அந்த வேன் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் என் இயந்திரத்தில் வேறு ஒருவர் படுத்திருந்தார். மறுநாள்தான் இடம் கிடைத்தது. அதற்குள் உடம்பில் தங்கிய நீர் நெஞ்சுவரை ஏறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து மோகன் சாவியைத் திருப்பும்போதெல்லாம் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எப்போதும் எடுக்காத வண்டியாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பார்க்கலாம். இது அப்படியில்லை. இரண்டு வாரம் சமர்த்தாக எடுக்கும். சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்ப ஆரம்பிக்கும்போது ஒரு நாள் காலை வாரிவிடும். மோகன் பேட்டரியை மாற்றினான். பிறகு இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை மாற்றினான். பிறகு சாவி போடும் சுவிட்சை மாற்றினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டி கொஞ்ச நாள் நன்றாக இருந்து எங்களை ஏமாற்றியது. கடைசியில்தான் யாரோ சொல்லி அவன் நஜீர் பாயை எங்கள் தெருவுக்கு அழைத்து வந்தான்.

பாய் சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி உடனே எடுத்தது. அணைக்கச் சொன்னார், மறுபடி திருப்பச் சொன்னார். மறுபடியும் எடுத்தது. பானட்டைத் திறக்கக்கூட இல்லை, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா கீற வண்டிய நான் இன்னாத்துக்கு நோண்டணும்? எடுக்காத அன்னிக்கி காட்டு," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுக்காத அன்னைக்கு நான் செத்துக்கிட்டு இருப்பேன் பாய். அப்ப உங்களை எங்க தேடறது?"

என்னை அப்போதுதான் பார்த்தார். வீங்கிய காலையும் கையில் ஊசி போட்ட இடத்து பேண்டேஜையும் பார்த்தார். "ஆபீஸ்ல இருந்தவங்களா?" என்று கேட்டார். டைப்பிஸ்ட் என்றேன். "அதான். கேட்டவுடனே பதில் வோணும் ஒங்களுக்கு. எதனா ஒரு பார்ட்ட மாத்திட்டு சரியாச்சுன்னு நானும் சொல்லிட்டுப் போலாம், ஆபீஸம்மா. அது பொய்யி. ஒண்ணு பண்றேன். நானும் கூடவே வர்றேன். அது நிக்கிற அன்னிக்கி நானும் அங்க நிக்கிறேன்."

அப்படித்தான் அவர் எங்கள் வண்டியில் ஏறினார். கதவுக்குப் பக்கத்து இருக்கை. மடியில் ஒரு துணிப்பை, அதில் ஒரு கட்டிங் பிளேயர், கொஞ்சம் வயர், இரண்டு பக்கமும் வயர் நீட்டிய ஒரு டெஸ்ட் பல்பு. அத்தர் வாசனை வண்டி முழுக்க இருக்கும். எனக்கு அத்தர் ஆகாது, தும்மல் வரும். சொன்னேன். அடுத்த முறை போடாமல் வந்தார். அதற்கு அடுத்த முறை மறந்துபோய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதல் சில நாட்கள் அவர் செய்தது கேள்வி கேட்பது மட்டும்தான். எப்போது நின்றது, எங்கே நின்றுகொண்டிருந்தது, அதற்கு முன்னால் என்ன செய்தாய். ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. எர்ணாவூர்க்காரரான ஆரோக்கியம் அண்ணன் முன்பு கப்பலில் சரக்கு இறக்கியவர், எங்களோடு வரும் நோயாளி. அமாவாசையை ஒட்டித்தான் வண்டி நிற்கிறது என்பது அவருடைய கட்சி. மோகன் எண்ணூர் சாலையின் பள்ளங்களைச் சொன்னான். நான் மோகனுடைய கைராசியைச் சொன்னேன். பாய் எதையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அமாவாசையைக்கூடத் தட்டிக்கழிக்காமல் ஒரு மாதம் கவனித்துவிட்டுத்தான், "அண்ணே, அமாவாசை மேல கேஸு நிக்கல," என்றார். அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. செல்ஃப் மோட்டாரின் மேலே இருக்கும் சுவிட்சுதான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அடுத்த வாரமே வண்டி நின்றது. "நான் நெனச்சது தப்பு," என்றார். இவ்வளவு சாதாரணமாக ஓர் ஆண் இதைச் சொல்லி என் அலுவலகத்தில் நான் கேட்டதில்லை.

ஆனால் அவர் வண்டியிலேயே இருந்தும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அதற்குக் காரணம் எங்கள் ஊர். வடசென்னையில் ஒரு வண்டி நின்றுவிட்டால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. டீக்கடையில் இருப்பவர் கிளாஸை வைத்துவிட்டு வருவார். மீன்கூடைக்காரர் வருவார். எதிரே வரும் லாரி கிளீனர் குதித்து வருவான். என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் பின்பக்கம் கைகள் சேர்ந்துவிடும். அதிலும் உள்ளே நோயாளிகள் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். ஏலேலோ போடாத குறையாகத் தள்ளுவார்கள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். கிளம்பி நாலு குலுக்கல் குலுங்கிவிட்டால் பிறகு எங்கே தொட்டுப் பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். வண்டி நின்றபோதெல்லாம் பாய் பையைத் திறந்து பல்பை வெளியே எடுப்பதற்குள் தெரு எங்களைத் தள்ளிக் கிளப்பிவிட்டது.

"இவனுங்க நல்லவனுங்களா கீறதுதான் இந்த வண்டிக்கு வியாதி," என்றார் பாய். தள்ள ஆளில்லாத இடத்தில் மோகன் ஜாக்கி ராடால் செல்ஃப் மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டுவான். அதற்கும் திட்டு விழும். "தட்டி எழுப்பினா எழுந்துக்கும்டா. ஏன் தூங்குச்சுன்னு சொல்லாது."

அந்த வெள்ளிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். திருவொற்றியூர் மார்க்கெட் முனையில் ஆரோக்கியம் அண்ணனுக்காக வண்டி நின்றது. அன்று அவர் மகள் வீட்டிலிருந்து வந்தார். புகை அவருக்கு இருமலைக் கிளப்பும் என்பதால் அவர் ஏறும்போது மோகன் இன்ஜினை அணைத்துவிடுவான். அண்ணன் தடியை ஊன்றி ஏறி உட்கார்ந்தார். மோகன் சாவியைத் திருப்பினான். சத்தமில்லை.

பாய் இறங்கும்போதே கூட்டம் வந்துவிட்டது. "தள்ளாத, கைய எடு," என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. "வண்டில பேஷண்ட்டுங்க கீறாங்க, இன்னா பாய் பேசற? பாவம் அந்தம்மா மூஞ்சப் பாரு," என்றார் ஒருவர். பாவம் அந்தம்மா என்பது நான். முந்தின இரண்டு நாளும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் குடித்திருந்தேன். மூச்சு அப்போதே இரைத்தது. தள்ளினால் நேரத்துக்குப் போய்விடலாம். தாமதமானால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே யாருக்கும் தெரியாது. பாய் என்னைப் பார்த்தார். "ஆபீஸம்மா, நீங்க சொல்லுங்க. தள்ளலாமா, பாக்கலாமா?" என்றார்.

அவர் என்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. பார்ப்பேன் என்று அவராகவே முடிவு செய்திருக்கலாம், அல்லது பயந்து தள்ளவிட்டிருக்கலாம். என் மூச்சை வைத்து எடுக்கும் முடிவு என்பதால் என்னிடம் கேட்டார். நான் இறங்கினேன். வண்டியின் பின்பக்கம் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். "தள்றவங்க என் மேல கைய வச்சுத் தள்ளுங்க," என்றேன். பத்துப் பேரும் கையை இறக்கிவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை மேல் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும். மீன்கூடைக்காரர் மட்டும், "இது இன்னா புச்சா கீது," என்று முணுமுணுத்தார்.

பாய் பல்பின் ஒரு வயரை பேட்டரியின் மைனஸில் மாட்டினார், இன்னொரு நுனியை இன்ஜினின் உடம்பில் வைத்தார், சாவியைத் திருப்பச் சொன்னார். பல்பு எரிந்தது. எரியக்கூடாத இடம் அது என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. இன்ஜின் மேல் கையை ஊன்றிக் குனிந்தவர் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். ஆக்சிலேட்டர் கேபிள் அவர் விரலைச் சுட்டிருந்தது.

"மோகனு, இந்தக் கேபிள எப்ப மாத்தினே?"

"அது அடிக்கடி ஒட்டிக்குது பாய். மூணாவது வாட்டி மாத்திக்கீறேன். அது மெக்கானிக்கு பாக்கற மேட்டராச்சே, அதான் ஒங்கிட்ட சொல்லல."

இதுதான் நடந்திருக்கிறது. கிளம்பாத கோளாறு எலக்ட்ரீஷியனுக்கு, கேபிள் கோளாறு மெக்கானிக்குக்கு என்று மோகன் பிரித்துக் கொடுத்துவிட்டான். இரண்டும் ஒரே நோய் என்று அவனுக்கு எப்படித் தெரியும். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போனால் மட்டும் போதாதாம், திரும்பி வரவும் வழி வேண்டுமாம். இன்ஜினையும் வண்டியின் சட்டத்தையும் சேர்க்கும் பின்னல் பட்டை ஒன்று அந்த வழி. எர்த் பட்டை என்பார்கள். எப்போதோ யாரோ அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பார்ப்பதற்குப் புதிதாக இருந்தது. உள்ளே கடற்காற்றிலும் அனல்மின் நிலையத்துச் சாம்பலிலும் பொடிப்பொடியாகப் போயிருந்தது. மிஞ்சிய சில இழைகள் இன்ஜின் சாய்ந்து நிற்கும் தினுசைப் பொறுத்துத் தொட்டுக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும். வழி கிடைக்காத மின்சாரம் பாவம் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. பாய் ஒரு தடித்த வயரை எடுத்து இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு நேராகப் போட்டார். மோகன் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே எடுத்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நான் வண்டியில் ஏறியதும் அழுதுவிட்டேன், அதை மறைக்கவும் இல்லை. அன்று தாமதத்துக்காக சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். படுக்க இடம் கிடைத்துவிட்டது, நேரத்தை மட்டும் குறைத்தார்கள்.

மறுநாள் பட்டையை மாற்றினார். போல்ட் உட்காரும் இடத்தை இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினார். அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை வண்டி வாசலுக்கு வந்தபோது கதவுப் பக்கத்து இருக்கையில் அவர் இருந்தார்.

"அதான் சரியாயிடுச்சே பாய்?" என்றேன்.

"யாரு சொன்னது? இன்னிக்கி எடுத்துச்சு. அவ்ளோதான் சொல்ல முடியும். எப்பவும் வர்ற நோவு போச்சுன்னா உடனே தெரியும். எப்பனா வர்ற நோவு போச்சான்னு ஒக்காந்துதான் பாக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு மாதம் பார்ப்பார் என்று விட்டுவிட்டேன். மாதங்கள் போயின. வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவரும் நிற்கவில்லை.

இங்கே டயாலிசிஸ் வார்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியோடு ஒருவர் வந்து வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எனக்கு அப்படி ஆள் கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்க எனக்கு வாய் வராது. தம்பி கீழே டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று ஒவ்வொரு தடவையும் சிஸ்டரிடம் சொல்லி வந்தேன். அவ்வளவு டீ குடிக்கும் தம்பியை அவர் எப்படி நம்பினாரோ தெரியாது. ஒரு நாள் இயந்திரத்தில் இருக்கும்போதே எனக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கண் இருட்டியது. சிஸ்டர் வாசலுக்கு ஓடி, வசந்தாவோட அட்டெண்டர் யாரு என்று கத்தியிருக்கிறார். வராந்தாவில் இருந்த பெஞ்சில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று வெயிலுக்கு ஒதுங்கி அங்கே வந்து உட்கார்ந்திருந்த பாய் எழுந்தார்.

எனக்கு நினைவு திரும்பியபோது மருந்துக் கடைப் பொட்டலத்தோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. "உங்க வீட்டுக்காரர் ரொம்ப பயந்துட்டார்," என்றார் சிஸ்டர். எனக்கு அந்த நிலையிலும் பொறுக்கவில்லை. "அவர் என் எலக்ட்ரீஷியன்," என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆரோக்கியம் அண்ணன் ஊசி அசையும்படி சிரித்துத் திட்டு வாங்கினார்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். வண்டியைத்தானே பார்க்க வந்தீர்கள், இங்கே என்ன வேலை என்று ஒரு நாள் கேட்டேன். "வண்டி வெயில்ல நிக்குது ஆபீஸம்மா. உள்ளாற ஃபேன் கீது," என்றார். கடும் மழை நாளிலும் அவர் ஃபேனுக்குத்தான் வந்தார். சிஸ்டர் அதற்குப் பிறகு என் தம்பியை விசாரிக்கவில்லை. நானும் பாயும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அவர் இறந்த அன்று ஊசியைக் கழற்றியதும் நேராக வண்டிக்கு வந்தேன். மோகன் சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்தது. சாலைதான் எடுக்கவில்லை. கன்டெய்னர் லாரிகள் ஒன்றின்பின் ஒன்றாக வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நாங்கள் தண்டையார்பேட்டைக்குப் போய்ச் சேரும்போது பாயின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். தெரு முனையில் இறங்கி நின்றேன். தோள் மாற்றித் தோள் மாற்றி ஆண்கள் வேகமாக நடந்து போனார்கள். மோகனும் ஓடிப் போய்த் தோள் கொடுத்தான். முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, இனியும் இருக்கும்.

மூன்றாம் நாள் அவர் வீட்டில் ஓதும் பாத்திஹாவுக்குப் போனேன். அவர் மனைவி ஜரினாம்மாவை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. உள்ளறையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடியும்வரை அவர் வெளியே வர முடியாது. வேன்ல வர்ற வசந்தா என்று சொன்னேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் கையை எடுத்து, ஊசித் தழும்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி இப்பவாச்சும் சரியாச்சாம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"அது இன்னும் சரியாவலன்னுதான் வாரத்துல மூணு நாளு விடியறதுக்குள்ள கெளம்பிப் பூடுவாரு. ஒடம்பு முடியலன்னாலும் போவாரு. அப்பிடி இன்னாதான் வண்டி அதுன்னு கேப்பேன். பேஜாரு புடிச்ச வண்டி ஜரினா, எங்க கோளாறுன்னே தெரியல, கூட இருந்துதான் பாக்கணும்னு சொல்வாரு."

பட்டையை மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை. இதை இறந்து மூன்றே நாளான ஒருவரின் மனைவியிடம் எப்படிச் சொல்வது.

"சரியாயிடுச்சும்மா. பாய்தான் கண்டுபிடிச்சார்," என்றேன்.

"எப்போ?"

"போன வாரம்."

தலையாட்டினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையை விடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ இனிமே ஒங்கூட யாரும்மா ஒக்கார்றது?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தெரிந்தும் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒவ்வொரு விடியலிலும் அனுப்பி வைத்திருக்கிறார். அந்த வீட்டில் அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். என்னால் முடியவில்லை. அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அளவாகக் குடி, உனக்கு ஆகாது என்றும் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை தண்டையார்பேட்டையில் வண்டியை ஒரு பெண் கைகாட்டி நிறுத்தினாள். ஜரினாம்மாவின் தங்கை என்றாள். ராயபுரத்தில் ஒரு வேலை இருக்கிறது, போகிற வழியில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள். மருத்துவமனையில் எங்களோடு இறங்கி, நான் எழுந்து வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமையும் வந்தாள். வேலை இன்னும் முடியவில்லையாம். முன்பென்றால் என்ன வேலை, எந்தத் தெரு, யாரைப் பார்க்க வேண்டும் என்று துளைத்து எடுத்திருப்பேன். நஜீர் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: ஒருவர் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கூட வந்தால், ஒன்றும் கேட்காமல் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறேன்.